பதினான்காவது முளை

சுத்தியல் ஒன்று. கயிறு ஆறு.
முளை பதின்மூன்று.

திரும்ப எண்ணு என்றான் டெரன்ஸ்.
பதின்மூன்றுதான். பதினான்கு இருக்க வேண்டும்.
இதல்கஸ்ஹின்னைக்கு மேலே பத்தனைப் புல்லில்
கூடாரம் சரிந்து கிடக்கிறது
மூச்சை விட்ட மாடு மாதிரி.

அப்பா இருந்திருந்தால்
யாரும் வண்டியில் ஏற முடியாது.
ஒரு ஸ்பானர் குறைந்தால் விமானம் எழும்பாது.
அது எஞ்சின் வாயில் இருக்கலாம்,
இறக்கையின் வயிற்றில் இருக்கலாம்,
உன் சட்டைப்பையிலும் இருக்கலாம், முதலில் அதைப் பார்.
சீனன்குடாவில், பத்தொன்பது வயதில்,
ஒரு சார்ஜன்ட் அவர் காதுக்குள் கத்தியது
எங்கள் வீட்டுக் கரண்டிகளுக்கும் பொருந்தியது.
பிள்ளைகளுக்கும்.
உலக முடிவுப் பாதையில் மூடுபனி இறங்கினால்
எண்ணிக்கொண்டே நடப்பார்:
ஒன்று, இரண்டு, மூன்று, திரேசா.
அம்மா நான்கு அல்ல. அம்மாவுக்குப் பேர் உண்டு.

விமானப்படையின் பங்கிராஸ்,
அப்புத்தளை இரும்புக்கடைக் கணக்கப்பிள்ளையின் மகன்.
ஐயாவின் பிரஜாவுரிமைத் தாளை
நான்காய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான்
ஆள்சேர்ப்பு வரிசையில் நின்றாராம்.
ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்பதை
ஒரு குறை போலவே சொல்வார்.

எழுபத்தொன்று ஏப்ரலில்
எந்த விமானம் எத்தனை தரம் போனது,
எதைச் சுமந்து போய்
எதைக் கொண்டுவராமல் வந்தது
எல்லாம் அவர் எழுதிய புத்தகத்தில் இருந்திருக்கும்.
அந்தப் புத்தகம் படையிடம்.
எங்களிடம் அந்த மாதத்துக்கென்று இருப்பது
தாடி மழிக்காத ஒரு படம்.

எண்பத்துமூன்றை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்வார்.
சீருடை கழற்றிப் பத்து வருஷம்,
கட்டுநாயக்க ஹாங்கரில் பயணிகள் விமானங்கள்.
வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.
ஃபோர்மன் விஜேரத்ன ஒன்றும் பேசாமல்
ட்ரைஸ்டாரின் சக்கரக்குழியைக் கையால் காட்டினார்.
இரவு முழுக்க அதற்குள்,
முழங்காலைக் கட்டிக்கொண்டு,
டார்ச்சைக் கைக்குள் பொத்தி,
பொழுது போகாமல் என்பார்,
பிரேக் குழாயில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார்.
காலையில் முதல் வேலையாகப் பதிவேட்டில் எழுதினார்:
இடதுபக்கம், மேல் குழாய், மயிரளவு.
எப்படித் தெரியவந்தது என்ற கட்டத்தில்
‘வழமையான பரிசோதனை.’

வெள்ளி இரவு தபால் ரயில்.
சனி விடியக் கதவைத் தட்டும் கையில்
ஹைட்ராலிக் எண்ணெயும் சவர்க்காரமும் சேர்ந்து மணக்கும்.
முகம் கழுவ முன்னமே, கூடாரம் எங்கே?
பெலிஹுல் ஓயாவில் மீன்,
பிடித்ததைவிட நழுவவிட்டது அதிகம்.
ஓகியாச் சுரங்கத்துக்குள் எதிரொலிக்காக நரி ஊளை,
எங்களைவிட அவருடையது நீளம்.
ஒரு மத்தியானம், அருவியடியில்,
இறக்கை ஏன் தூக்குகிறது என்று
தேயிலை ஒன்றை உதட்டருகே பிடித்து
ஊதிக் காட்டினார் அம்மாவுக்கு.
இலை எழும்பியது.
அம்மா கேட்டது: சோறு எப்ப வேகும்?
பிளேன் பார்க்கிறவனுக்கு பிளேன்டீதான் என்று
முப்பது வருஷம் ஒரே பகிடி.
முப்பது வருஷமும் அவரேதான் சிரித்தார்.

ஒரு முளைதானே என்கிறான் டெரன்ஸ்,
பண்டாரவளையில் வாங்கலாம்,
பனி ஏறுது, தங்கச்சி பிள்ளைகள் நடுங்குதுகள்.
நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன்.
வண்டியின் முன்சீட்டில், கம்பளிக்குள்,
ஐம்பது வருஷமாய் இந்த எண்ணிக்கையைக் கேலி செய்தவள்
கதவைத் திறந்து
ஒரு காலை வெளியே வைத்தாள்.

‘சட்டைப்பையை முதல்ல பாருங்க.’

பார்த்தோம். இல்லை.
டார்ச் இரண்டு. ஒன்றில் பற்றரி இல்லை.